குதிரைக்கொடி நிழல் விசாரணைக்கு வந்த கதை

நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள் இடைமலைக்கோட்டை தாலுகா ஆபீஸுக்கு ஒரு மனு எழுதிப் போடுங்கள். முப்பது நாளைக்குள் ‘மனுவில் கண்ட நிழல் இவ்வலுவலக வளாகத்தில் உள்ளது’ என்று முத்திரை குத்திப் பதில் வரும். அதைக் கையில் வைத்துக்கொண்டு பிறகு என்னிடம் சண்டைக்கு வாருங்கள், நான் எங்கேயும் ஓடிப் போய்விட மாட்டேன்.

தை மாதத்துக் கடைசிச் செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே முக்கால் மணிக்கு, சர்வேயர் அமலோற்பவம் மினிபஸ்ஸை விட்டு இறங்கி, ஆபீஸ் கேட்டுக்குள் நுழைந்து, முற்றத்தில் கிடந்த மஞ்சள் துணியைப் பார்த்து, யாரோ சேலை காயப் போட்டிருக்கிறார்கள், இது என்ன ஆபீஸா ஆற்றங்கரையா என்று முனகிக்கொண்டே, மிதித்துவிடாமல் ஓரமாகத் தாண்டிப் படியேறினாள். பாதிப் படியில்தான் அவளுக்கு உறைத்தது: துணி நெளிகிறது, ஆனால் தரையை விட்டு எழும்பவில்லை, அதன்மேல் இரண்டு மைனா நடந்து போகிறது, போகிற மைனாவின் முதுகு மஞ்சளாகிறது. திரும்பிப் பார்த்தாள். முற்றத்துக் கொடிக்கம்பம் மொட்டையாக நின்றது. சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் மட்டும் கொடி ஏறுகிற கம்பம் அது, மற்ற நாளெல்லாம் காக்காய்க்கு உட்காருகிற இடம். மொட்டைக் கம்பத்தின் நிழல் மட்டும் மொட்டையாக இல்லை. நிழலின் நுனியில் மஞ்சள் துணி, சுற்றிலும் சிவப்புக் கரை, நடுவில் முன்னங்கால் இரண்டையும் தூக்கிய கறுப்புக் குதிரை. காற்று வீசினால் பறந்தது, காற்று நின்றால் தொங்கியது.

“வந்துட்டு போலுக்கே” என்றார் டவாலி ஐயம்பெருமாள், தபால் வந்ததைச் சொல்கிற குரலில். அவர் விரித்த காலோடு வெளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு, குதிரையைச் சுற்றிக் குப்பையைக் கூட்டினார். குதிரைமேல் கிடந்த வேப்பிலையை மட்டும் கூட்டலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை.

அது என்ன கொடி என்று அந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தாலுகா ஆபீஸ் கட்டடம் பழைய பாளையத்தின் கச்சேரி, அதாவது அந்தக் காலத்து ஆபீஸ். வெள்ளைக்காரனுக்கு வரி கட்ட மாட்டேன் என்று சொன்ன கடைசிப் பாளையக்காரரை இதே வாசலில் தூக்கில் போட்டார்கள் என்பதும், அன்று கடைசியாக இறங்கியது இந்தக் குதிரைக்கொடிதான் என்பதும் ஒரு பேச்சு. அந்தக் கொடியை வருசத்துக்கு ஒரு நாளாவது, தூக்கு விழுந்த நாளில், இந்தக் கட்டடத்தில் ஏற்ற வேண்டும் என்று குதிரைக்கொடி மீட்புப் பேரவை இருபத்து மூன்று வருசமாக மனுக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதே பாளையத்தில் குதிரைக்குப் புல் வெட்டிப் போட்ட ஜனங்கள், கொடி வரும் பாதையில் தலையைத் தூக்கினால் பாளையத்து ஆட்கள் அவர்கள்மேல் குதிரையை ஏற்றினார்கள் என்பதும், வரப்பில் நின்ற கர்ப்பிணி ஒருத்தி அப்படித்தான் செத்தாள் என்பதும் இன்னொரு பேச்சு. அந்தக் கொடி சர்க்கார் கட்டடத்தில் ஏறக் கூடாது என்று எதிர்ப்புக் குழு அதே இருபத்து மூன்று வருசமாக மனுக் கொடுத்துக்கொண்டிருந்தது. இரண்டும் நடந்ததுதான் ஐயா. ஒரே குதிரைதான் இரண்டையும் செய்தது. சர்க்கார் இரண்டு தரப்புக்கும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரே பதிலை அனுப்பி, இரண்டு மனுக்களையும் ஒரே கட்டில் கட்டி வைத்திருந்தது.

இப்போது கொடி ஏறாமலேயே பறக்கிறது. என்ன செய்ய?

முதல் வாரம் கம்பத்தைத் துணி போட்டுச் சுற்றினார்கள். நிழல் அப்படியே இருந்தது. தார்ப்பாயை விரித்தார்கள், குதிரை தார்ப்பாய்மேல் ஏறிக்கொண்டது. கம்பத்தைப் பிடுங்கிவிடலாம் என்றால் அதற்குப் பொதுப்பணித் துறை வர வேண்டும். பிடுங்கின பிறகும் நிழல் நின்றுவிட்டால் அப்போது எதைப் பிடுங்குவது என்று தாசில்தார் திருவேங்கடநாதன் கேட்டார், அந்த யோசனை அதோடு போயிற்று. மேலிடத்திலிருந்து வந்த கடிதத்தில், ‘கொடி எதுவும் ஏற்றப்படவில்லை என்பது உறுதி செய்யப்படுகிறது, நிழலைப் பொறுத்தவரை தக்க நடவடிக்கை எடுக்கவும்’ என்று இருந்தது. தக்க நடவடிக்கை என்றால் என்ன என்று தாசில்தார் அந்தக் கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கூடப் பார்த்தார்.

ஊர் அதற்குள் பழகிவிட்டது. ஊர் எதற்குத்தான் பழகாது? பேரவைக்காரர்கள் தினமும் காலையில் வந்து நிழலின் தலைமாட்டில் ஊறவைத்த கொள்ளும் ஒரு கட்டுப் புல்லும் வைத்தார்கள். பத்து மணிக்கு ரோட்டில் திரிகிற ஆடுகள் வந்து அதைத் தின்றுவிட்டுப் போயின. ஆட்டை விரட்டினால் குதிரையை விரட்டினதாக ஆகுமோ என்று பயந்து யாரும் விரட்டவில்லை. எதிர்ப்புக் குழுக்காரர்கள் அந்த நிழலை மிதிக்கவும் மாட்டோம், மிதிக்காமல் ஒதுங்கிப் போகவும் மாட்டோம் என்று தீர்மானம் போட்டார்கள். போட்ட பிறகு எந்த வழியாக ஆபீஸுக்குள் போவது என்று தெரியாமல், பின்பக்கம் ரெக்கார்டு ரூம் ஜன்னலில் மனுக்களை நீட்டினார்கள். சாதிச் சான்றிதழ் வாங்க வந்தவர்களும் வாரிசுச் சான்றிதழ் வாங்க வந்தவர்களும் காலையில் மேற்கே படிக்கட்டில் ஏறிக் கிடக்கும் குதிரைக்கு வழி விட்டு, மதியம் கம்பத்தடியில் சுருண்டு கிடக்கும் குதிரையை எட்டிப் பார்த்து, சாயங்காலம் கிழக்கே கேட்டைத் தாண்டி ரோட்டில் நீண்டு போகும் குதிரைக்குப் பின்னாலேயே பஸ்ஸைப் பிடிக்க நடந்தார்கள். மேகம் மூடின நாளில் நிழல் விழாது. அன்றைக்கு இரண்டு தரப்பும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து, இன்னிக்கு என்ன பேசுறது என்பதுபோல் முழித்தார்கள்.

குழப்பத்தில் பெரிய குழப்பம் அதுதான். ‘ஏற்று, ஏற்று’ என்று தொண்டை வற்றக் கத்தின பேரவைத் தலைவர் இராசகம்பீரத்துக்கு, தானாக வந்து நிற்கிறதை இனி எப்படி ஏற்றச் சொல்வது என்று தெரியவில்லை. ‘ஏற்றாதே’ என்று கத்தின எதிர்ப்புக் குழு வக்கீல் மதிவதனனுக்கு, ஏறாததை எப்படி இறக்கச் சொல்வது என்று தெரியவில்லை. அமலோற்பவத்துக்கு இந்தச் சண்டையில் பங்கே கிடையாது. அவள் கடற்கரை ஊர்க்காரி. “எங்க ஊருக்குக் குதிரையும் வரலை, கொடியும் வரலை. எங்களை அடிச்சதெல்லாம் கடல்தான்” என்று சொல்லிவிட்டு, சங்கிலியையும் கம்பியையும் தூக்கிக்கொண்டு வயக்காட்டுக்கு அளக்கப் போய்விடுவாள்.

அப்படிப் போய்விட முடியாதபடி அவளைப் பிடித்து இழுத்தது சீனியம்மாளின் பட்டா.

ஆபீஸுக்கு நேர் எதிரே, ரோட்டின் கிழக்கு ஓரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. கடைக்குப் பின்னால் ஒன்றே கால் சென்ட் இடத்தில் ஓட்டு வீடு. அனுபவத்தில் இரண்டும் சீனியம்மாளுடையது, காகிதத்தில் புறம்போக்கு. ஊர்க்காரர்கள் அத்தனை பேருடைய பட்டாவையும் நகல் எடுத்துக் கொடுத்த கைக்குச் சொந்தமாக ஒரு பட்டா இல்லை. பத்தொன்பது வருசம் மனுப் போட்டு, போன வருசம் அமலோற்பவம் வந்து சங்கிலி பிடித்து அளந்து, நான்கு மூலைக்கும் கல் நட்டு, அனுபவதாரர் என்ற கட்டத்தில் ‘சீனியம்மாள்’ என்று எழுதி, அதாவது இந்த இடத்தை வைத்து ஆளுகிறவர் இன்னார் என்று எழுதி அனுப்பினாள். கோப்பு ஒவ்வொரு மேசையாக ஏறி இறங்கி, தாசில்தார் கையெழுத்துக்கு வந்த அன்றுதான் நிழல் வந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் குதிரை ரோட்டைக் கடந்து போய் நின்ற இடம் சீனியம்மாளின் வாசல்.

“கொடி தேடிப் போய் நிற்கிற இடத்தில் நினைவு மண்டபம் கட்டணும், அங்க யாருக்கும் பட்டா குடுக்கப்படாது” என்று பேரவை மனுக் கொடுத்தது. “அந்த நிழல் போகிற வரைக்கும் நம்ம ஆட்கள் யாரும் அதுக்குக் கீழ பட்டா வாங்கப்படாது, வாங்கினா அதை ஒத்துக்கிட்டதா ஆயிரும்” என்று எதிர்ப்புக் குழு சீனியம்மாளிடமே வந்து சொன்னது. அவளுடைய ஜனங்கள்தான் அவர்கள். அவளுடைய பாட்டிக்குப் பாட்டிதான் வரப்பில் மிதிபட்டுச் செத்த அந்தக் கர்ப்பிணி என்றும் மேடையில் சொன்னார்கள்.

“அவ செத்தது எனக்கும் தெரியும்யா” என்றாள் சீனியம்மாள். “அவளுக்கும் ஒரு வீடு இருந்திருந்தா, வரப்புல என்னத்துக்கு நிக்கப் போறா?”

அவள் சும்மா அவசரப்படவில்லை. ரோட்டை அகலப்படுத்துகிற ஆட்கள் வந்து, பட்டா இல்லாத வீடுகளின் சுவரில் எல்லாம் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பங்குனி பத்தாம் தேதிக்குள் பட்டா வந்தால் வீடு நிற்கும். வராவிட்டால் பதினொன்றாம் தேதி காலையில் ஜேசிபி வரும். ஒளிவு மறைவில்லாத கணக்கு, அவ்வளவுதான்.

தாசில்தார் அமலோற்பவத்தைக் கூப்பிட்டார். நல்ல மனுசர்தான், ஆனால் முடிவெடுக்கிற இடம் வந்தால் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். “மேடம், அந்த நிழல் எந்த சர்வே நம்பர்ல விழுதுன்னு அளந்து ஒரு ரிப்போர்ட் குடுத்துருங்க. அளந்தாச்சுன்னா நாம ஏதோ செஞ்சதா ஆயிரும்.”

“நிழலையா சார்?”

“மணல் மேட்டை அளக்கலையா? ஓடையை அளக்கலையா? அதெல்லாம் ஒரே இடத்துலயா நிக்குது?”

மாசி மாதத்து வெயிலில் ஒரு நாள் முழுக்க அமலோற்பவம் நிழலை அளந்தாள். செயின்மேன் இருளப்பன் சங்கிலியின் ஒரு முனையைக் கம்பத்தடியில் பிடிக்க, மறுமுனையை அவள் குதிரையின் காலடிவரை இழுத்துக்கொண்டு நடந்தாள். படித்துக் குறிப்பதற்குள் குதிரை நான்கு விரற்கடை நகர்ந்திருந்தது. திரும்ப இழுத்தாள், திரும்ப நகர்ந்தது. எழுதினதை அடிக்க, அடித்ததை எழுத, ஆட்டோக்காரர்கள் ஆளுக்கொரு அளவு சொல்ல, ஒரு பஸ் நின்று ஜன்னல் வழியாக ஐம்பது பேர் வேடிக்கை பார்க்க, சாயங்காலம் ஐந்து பத்துக்கு அவள் வியர்த்து விறுவிறுத்து சீனியம்மாளின் வாசற்படிக்கு வந்து சேர்ந்தபோது, கதவின்மேல் குதிரை இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு நின்றது. அப்போதுதான் அந்தத் தப்பு நடந்தது.

சர்வேயர் கை எப்படிப்பட்டது என்றால், நிலத்தின்மேல் எதைக் கண்டாலும் பீல்டு புக் என்கிற அளவுப் புத்தகத்தில் எழுதும். கிணறு, பனை, கல்லறை, குடிசை, எது நின்றாலும் இடது பக்கம் அதன் பெயர், வலது பக்கம் அதன் அனுபவதாரர். அந்த வலது கட்டம் காலியாகக் கிடந்தால் கை சும்மா விடாது. பதினெட்டு வருசப் பழக்கம். அமலோற்பவத்தின் கை அவளைக் கேட்கவில்லை. இடது பக்கம் ‘ஓட்டு வீடு, கடை’ என்று எழுதியது. வலது பக்கம், கதவில் நின்றதைப் பார்த்து, ‘குதிரைக்கொடி நிழல்’ என்று எழுதியது. எழுதிக் கீழே சுருக்கொப்பமும் போட்டுவிட்டது.

“ஐயோ, மாதாவே!” என்றாள் அமலோற்பவம்.

மறுநாள் தாசில்தார் போன வருசத்துப் புத்தகத்தையும் இந்த வருசத்துப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றினார். “என்ன மேடம் இது. போன வருசம் சீனியம்மாள்ங்கிறீங்க. இந்த வருசம் கொடிங்கிறீங்க. ஒரே இடத்துக்கு ரெண்டு அனுபவதாரர்.”

“தெரியாம எழுதிட்டேன் சார். அடிச்சிரட்டுமா?”

“பீல்டு புக்ல எழுதினது எழுதினதுதான். அடிக்கணும்னா அவங்களையும் கேட்டுத்தான் அடிக்கணும்.”

“எவங்களை சார்?”

தாசில்தார் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். அவருக்கே தான் காட்டுவது எதை என்பதில் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. “எதிர்தரப்பை” என்றார்.

இப்படியாக நிழல் ஒரு தரப்பு ஆயிற்று. இருபத்து மூன்று வருசம் கத்தியும் பேரவையால் வாங்கிக் கொடுக்க முடியாத சர்க்கார் அங்கீகாரத்தை, ஒரு கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்பதற்காக அமலோற்பவத்தின் கை வாங்கிக் கொடுத்துவிட்டது. நோட்டீஸ் தயாரானது. ஐயம்பெருமாள் பசை வாளியோடு போய், குதிரை நின்ற இடத்தில் தரையில் ஒட்டினார். ஒட்டி நிமிர்வதற்குள் குதிரை நகர்ந்துவிட்டது. நோட்டீஸ் சேரவில்லை என்றார் வக்கீல் மதிவதனன். படித்துவிட்டுத்தான் நகர்ந்தது என்றார் இராசகம்பீரம். கடைசியில் உச்சி வெயிலில், நிழல் கம்பத்தடியில் சுருண்டு எங்கும் போக முடியாத நேரம் பார்த்து, கம்பத்திலேயே ஒட்டி, சாட்சிக்கு இரண்டு ஆட்டோக்காரர்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். விசாரணை பங்குனி பத்தாம் தேதி, காலை பதினொரு மணி என்று அதில் போட்டிருந்தது.

அன்று மத்தியானம் அமலோற்பவம் ரோட்டைக் கடந்து ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். மிசின் சத்தத்தில் சீனியம்மாள் தலை நிமிரவில்லை.

“யக்கா, வேணும்னு செய்யலை.”

“வேணும்னு செய்யலைன்னுதானே எல்லாரும் சொல்லுதாவ.” நகல்களைத் தட்டி அடுக்கினாள். “பத்தொம்பது வருசம் அந்தக் கட்டத்துல எம்பேரு வரணும்னு அலைஞ்சேன் தாயி. நீ வந்து எழுதின அன்னிக்கு நான் கோயிலுக்குக் கூடப் போவலை, உம் மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். இப்போ அதே கையால குதிரைன்னு எழுதிட்டியே. எங்க வீட்டுக்குள்ள யாரு அடுப்பு மூட்டுதா, நானா, குதிரையா?”

அமலோற்பவத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவும் வெட்கமாக இருந்தது. “விசாரணையில சரியாயிரும்க்கா.”

“விசாரணைக்கு மறுநாள் வண்டி வருது” என்றாள் சீனியம்மாள். “விசாரணைக்கு அந்த நிழலு வராட்டி என்ன செய்வாவ? தள்ளி வைப்பாவ. நிழலு என்னிக்கு ஆபீஸுக்குள்ள வந்துருக்கு?”

அது நியாயமான கேள்வி. அமலோற்பவம் அதற்குப் பதில் தேடி ஒன்பது ராத்திரி புரண்டாள். நிழல் வராவிட்டால் வாய்தா விழும், வீடு விழும். வந்துவிட்டாலோ? வந்துவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு அதைவிடத் தெரியவில்லை.

பங்குனி பத்தாம் தேதி ஹாலில் நிற்க இடமில்லை. மேசைக்குப் பின்னால் தாசில்தார், பக்கத்து ஸ்டூலில் பீல்டு புக்கோடு அமலோற்பவம். வலது பக்கம் பேரவைத் தலைவரும் ஆட்களும், இடது பக்கம் மதிவதனனும் ஆட்களும். தரப்புக்காரர்களுக்கு என்று நடுவில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தது. ஒன்றில் சீனியம்மாள் உட்கார்ந்திருந்தாள், மடியில் மஞ்சள் பை. இன்னொன்று காலி.

ஐயம்பெருமாள் வழக்கம்போல வாசலில் போய் நின்று, நெஞ்சை நிமிர்த்தி, முற்றத்தைப் பார்த்து மூன்று தரம் கூப்பிட்டார்.

“எதிர்தரப்பு, குதிரைக்கொடி நிழல்!”

முற்றத்தில் ஒன்றும் அசையவில்லை.

“எதிர்தரப்பு, குதிரைக்கொடி நிழல்!”

ஆடு ஒன்று கத்தியது. தாசில்தார் கண்ணாடியைத் துடைக்க எடுத்தார்.

“எதிர்தரப்பு, குதிரைக்கொடி நிழல்!”

மூன்றாவது கூப்பாட்டுக்கு நிழல் எழுந்து வந்தது. பதினொரு மணி வெயிலில் கம்பத்தைவிட்டு அதிகம் நகரக் கூடாத நிழல், படிக்கட்டில் மடிந்து மடிந்து ஏறி, வாசற்படியைத் தாண்டி, கூப்பிட்ட ஐயம்பெருமாளின் செருப்பின் மேலாக வழிந்து, ஹாலுக்குள் வந்து, பழைய சிவப்புத் தளத்தின்மேல் மஞ்சளாக விரிந்து, நடு ஹாலில் காலி நாற்காலிக்கு முன்னால் நின்றது. கதவு ஜன்னல் வழியாகக் காற்று வர, பறந்தது.

எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. இராசகம்பீரம் எழுந்தார், அவர் எழுவது நியாயம், கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். தாசில்தார் எழுந்தார், கண்ணாடி ஒரு கையிலும் துணி ஒரு கையிலுமாக. வக்கீல் மதிவதனனும் எழுந்தார். ஆட்சேபணை சொல்லத்தான் எழுந்தேன் என்று பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார், ஆனால் அப்போது ஒரு வார்த்தை ஆட்சேபணை அவர் வாயிலிருந்து வரவில்லை. அவருடைய ஆட்களும் எழுந்திருந்தார்கள், சிலர் தோளில் கிடந்த துண்டைக்கூட எடுத்துக் கையில் பிடித்திருந்தார்கள். எடுத்தது அவர்களுக்கே தெரியாது. அமலோற்பவம் தான் நிற்பதை ஸ்டூல் பின்னால் உருண்ட சத்தத்தில்தான் தெரிந்துகொண்டாள். குதிரையும் வராத, கொடியும் வராத ஊர்க்காரி, நான் எதற்கு நிற்கிறேன் என்று அவள் தன் முழங்காலைக் கேட்டாள்.

சீனியம்மாள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, அமலோற்பவம் பக்கத்திலிருந்து பார்த்தாள். நிழல் உள்ளே வந்ததும் அவளுடைய உடம்பும் நாற்காலியை விட்டு ஒரு சாண் எழும்பியது. எழும்பின உடம்பை அவள் இரண்டு கையாலும் நாற்காலிக் கைகளைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, கழுத்து நரம்பு புடைக்க, கீழே அமுக்கினாள். பாரம் இறக்குகிறவளுக்கு மூச்சு வாங்குவதுபோல் அவளுக்கு மூச்சு வாங்கியது. உட்கார்ந்தாள்.

“எம்மா” என்றார் இராசகம்பீரம், “எந்திரி. கொடி நிக்குது.”

“நிக்கட்டும் அண்ணாச்சி. அதுக்கு நாற்காலி போட்டுருக்கே, உக்காரணும்னா உக்காரட்டும்.” அவள் அவரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தே பேசினாள். “இங்கரு. ஒன்னத்தான். எங்க ஆளுக ஒனக்குப் புல்லு வெட்டிப் போட்டாவ. ஒம் முன்னாடி நின்னே காலு வீங்கிச் செத்தாவ. நீ மிதிச்சும் செத்தாவ. ஒனக்காவத் தூக்குல தொங்கினவரு பெரிய மனுசன்னு இவிய சொல்லுதாவ, இருக்கட்டும், நான் இல்லைங்கலை. எனக்கு ஒன்னோட சண்டை போட இன்னிக்கு நேரமில்ல. நாளைக்குக் காலையில வண்டி வருது. ஒண்ணே ஒண்ணு சொல்லு. எம் வீடு ஒனக்கு வேணுமா?”

குதிரை முன்னங்காலைத் தூக்கியபடி நெளிந்தது. இருநூறு வருசத்தில் யாரும் அதை எதுவும் கேட்டதில்லை போலிருக்கிறது. ஏற்று என்றார்கள், இறக்கு என்றார்கள், அதனிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். பேரவைக்காரர்கள் ‘வேணும்’ என்று சொல்லும் என்று காத்திருந்தார்கள், மதிவதனன் அது எதையாவது சொன்னால் மறுக்கலாம் என்று காத்திருந்தார், தாசில்தார் யாராவது தன்னைக் காப்பாற்றுவார்களா என்று காத்திருந்தார். சீனியம்மாள் திரும்ப ஒரு தடவை கேட்டாள், அதே குரலில். நிழல் ஒன்றும் சொல்லவில்லை.

அமலோற்பவம் குனிந்து ஸ்டூலை நிமிர்த்தினாள். உட்காருவது அவ்வளவு கஷ்டமான வேலை என்று அவளுக்கு அதுவரை தெரியாது. முழங்கால் மடங்க மாட்டேன் என்றது. சீனியம்மாளைப் பார்த்துக்கொண்டே மடக்கினாள். புத்தகத்தை மடியில் விரித்து, சிவப்பு மைப் பேனாவால் ‘குதிரைக்கொடி நிழல்’ என்பதை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே ‘சீனியம்மாள்’ என்று எழுதி, பக்கத்தில் காரணம் எழுத வேண்டிய இடத்தில், கை தானாக எழுதாமல் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்: ‘எதிர்தரப்பு ஆஜர். இரண்டு முறை கேட்கப்பட்டது. கோரிக்கை ஏதுமில்லை.’ சுருக்கொப்பம் போட்டாள். செய்தது சரியா தப்பா என்று அப்போதும் அவளுக்குத் தெரியாது, இப்போதும் தெரியாது. புத்தகத்தையும் பட்டா கோப்பையும் தாசில்தார் முன்னால் நகர்த்தினாள்.

தாசில்தார் படித்தார். வலது பக்கம் பார்த்தார், இராசகம்பீரம் குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தார், அது ஏன் பேசவில்லை என்று அவருக்கு விளங்கவில்லை. இடது பக்கம் பார்த்தார், மதிவதனன் தன் ஆட்கள் கையில் பிடித்திருந்த துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாசில்தாருக்கு உட்கார்ந்து கையெழுத்துப் போடத்தான் பழக்கம். கொடி முன்னால் உட்காரலாமா, எப்போது உட்காரலாம், அதற்கு யார் உத்தரவு தர வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. கண்ணாடியைத் துடைக்காமலேயே மாட்டிக்கொண்டு, மேசைமேல் வளைந்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டார். ஐயம்பெருமாள் முத்திரை குத்தினார். அந்தச் சத்தத்துக்குக்கூட நிழல் அசையவில்லை.

சீனியம்மாள் உட்கார்ந்தபடியே கையை நீட்டிப் பட்டாவை வாங்கினாள். பெயரைப் படித்தாள். அப்பா பெயரைப் படித்தாள். ஒன்றே கால் சென்ட் என்பதை விரல் வைத்துப் படித்தாள். அழுதாள், மூக்கைச் சிந்தினாள், பட்டாவைப் பைக்குள் வைத்து, பையின் வாயை இரண்டு தரம் சுருட்டினாள். பிறகுதான் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள். தாசில்தார், தலைவர், வக்கீல், கிளார்க்குகள், அவளுடைய சொந்தத் தெருக்காரர்கள், அத்தனை பேரும் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள், எப்படி உட்காருவது என்று தெரியாமல்.

“உக்காருங்கய்யா” என்றாள். “எம்புட்டு நேரம் நிப்பிய? உக்காருங்க.”

ஒருத்தர் பின் ஒருத்தராக எல்லோரும் உட்கார்ந்தார்கள். குதிரை மட்டும் நின்றது.